கழுநீர் குடித்த குளம்

"அரிசி கழுவுன தண்ணியில மீன் சாவும்னு எந்தக் காலேஜுல சொல்லிக் குடுத்தாவ?" என்றார் அப்பா.

கேலிதான். ஆனாலும் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இப்போது கல்லூரியில் வேதியியல் படிக்கிறேன். அந்தப் பெருமையை ஒளித்துவைக்கும் பழக்கம் எனக்கில்லை.

வங்காளத்தில், கங்கைக் கரையை ஒட்டிய கார்டன் ரீச்சில் எங்களுக்கு ஓர் இட்லிக் கடை. அதன் பின்னால் ஒரு குளம். அதில் மீன் வளர்ப்பவர் பக்கத்து வீட்டு வங்காளி. சித்தப்பா முறை வைத்து அவரைக் காக்கு என்பேன்.

கழுநீர் மாட்டுக்குப் போக வேண்டும், அதைச் சாக்கடையில் கொட்டுவது பாவம் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. எங்களிடம் மாடு இல்லை. அதனால் அரிசி கழுவியது, உளுந்து ஊறியது எல்லாவற்றையும் அப்பா அண்டா அண்டாவாகக் குளத்தில் ஊற்றுவார். மீன்கள் கூடிவிடும். "பாருட்டி, என்னய அடையாளம் தெரியுது" என்பார்.

இந்த வருடம் விஸ்வகர்மா பூஜைக் கூட்டத்தால் கடையில் அரிசி இருமடங்கு ஊறியது; கழுநீரும் இருமடங்கு. பூஜை முடிந்து சிலையைக் குளத்தில் கரைத்த வாரம், விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சில வயிறு காட்டி மிதந்தன. துர்கா பூஜைச் சந்தையை நம்பியிருந்த காக்கு தலையில் கைவைத்துக்கொண்டார். "சிலையைக் கரைச்சாங்க இல்ல மா, அந்தச் சாயம்தான் விஷம்" என்றார் வங்காள மொழியில்.

எனக்கு ஒன்று பிடிபடவில்லை. சாயம்தான் விஷமென்றால் மதியத்தில் அதே மீன்கள் எப்படித் துள்ளுகின்றன? பகலில் பாசி உயிர்வாயு விடும், இரவில் விடாது. அப்படியானால் இரவில் அதைத் தின்று தீர்ப்பது எது? என் சந்தேகம் அப்பாவின் அண்டா மேல் விழுந்தது; அதைச் சொன்னபோதுதான் அந்தக் கேலி.

இரண்டு பாட்டில்களில் குளத்துத் தண்ணீர் பிடித்து, ஒன்றில் மட்டும் கழுநீர் கலந்து, இறுக மூடி, இரவு போல வெளிச்சம் படாமல் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன். பிறகு கல்லூரி ஆய்வகத்தில் சோதித்தேன். கழுநீர் கலந்ததில் உயிர்வாயு அநேகமாக இல்லை. மாவைத் தின்ற கிருமிகள் அதையும் சேர்த்துத் தின்றிருந்தன.

"அடைச்சு வச்சா மனுசனுக்கே மூச்சு முட்டும்லா" என்றார் அப்பா.

"இன்னொண்ணையும் அடைச்சுத்தானப்பா வச்சேன். அதுல இருக்கே."

அவர் இரண்டு பாட்டில்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சாப்பாடுன்னுல்லா ஊத்துனேன்" என்றார், குரல் இறங்கி.

மறுநாளிலிருந்து அண்டா பால்காரரின் மாடுகளுக்குப் போயிற்று. கொஞ்ச நாளில் மீன்கள் மேலே வருவது நின்றது. காக்கு மீதி மீன்களைப் பிடித்து விற்றார். "பாத்தியா மா, சாயம் அடியில தங்கிடுச்சு!" என்று என்னிடமே சொன்னார். அப்பா சிரிப்பை அடக்கப் புகைந்த தோசைக்கல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு என்னை மடக்கினார். "எல்லாஞ் சரி. சாம்பார்ச் சட்டி கழுவுன தண்ணி சாக்கடை வழியா கங்கைக்குல்லா போவுது. அதுக்கு என்ன சொல்லுத?"

நான் அரிசி மூட்டைகள் பக்கம் கைகாட்டினேன். அவற்றுக்குப் பின்னால் மூன்றாவது பாட்டில் அன்று காலையே வந்துவிட்டிருந்தது. சாக்கடை ஆற்றில் விழும் இடத்தில் பிடித்த தண்ணீர்.