கடல்பாலத்தில் மாட்டிய கயிறு

பனிமூட்டத்தில் எதையோ பார்த்து மனுஷன் அரண்டு போயிருப்பார் என்று சொல்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில். அவர் வாயாலேயே நான் கேட்டது.

கயிற்றுக்காரர் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். கரைக்கு வரும் கப்பலிலிருந்து வீசும் கயிற்றைப் பிடித்து, அதன் கண்ணியைக் கடல்பாலத்து இரும்புத் தூணில் மாட்டுவது அவர் வேலை. தோள்பட்டை போனதும் வேலையை விட்டுவிட்டார். பழைய கோட்டைக்குப் பின்னால் வீடு.

அன்று காலையிலிருந்தே மனைவி நச்சரித்தாள். அவள் தம்பி சின்னவனுக்கு, கப்பல்களை இழுத்துவரும் படகில் வேலை. தாயில்லாமல் அக்கா இடுப்பிலேயே வளர்ந்தவன்.

"சாயங்காலம் படகு வருதாம். போய்க் கையோட கூட்டிட்டு வாங்க. விட்டா ஊர் சுத்தப் போயிடுவான்."

"அவன் என்ன பச்சைக் குழந்தையா?"

"எனக்குக் குழந்தைதான்."

பாலத்துக் காவலாளி பழைய சிநேகிதர். "என்ன, வேலையை விட்டும் கால் நிக்கலையா?" என்று கிண்டலடித்து உள்ளே விட்டார். கிரேன்கள் சுழன்றன. லாரிகள் உறுமின. பாலத்தில் பாதி தூரம் போயிருப்பார், கடலிலிருந்து பனி ஏறி வந்து மூடியது.

அத்தனை சத்தமும் நின்றது.

கிரேன் இல்லை. லாரி இல்லை. அலைகூட இல்லை...

பிறகு, டுக்... டுக்... டுக்... இன்ஜின் சத்தம். சின்னவனின் படகுதான். அவருக்குத் தெரியாதா அந்தச் சத்தம்?

ஆனால் படகில் ஒரு விளக்குகூடத் தெரியவில்லை.

"மாமா!"

சின்னவன் குரல்.

"இங்கதான்டா இருக்கேன்!"

பனிக்குள்ளிருந்து கயிறு பறந்து வந்து அவர் தோளில் விழுந்தது. கயிறு வந்தால் பிடிப்பார். பிடித்தால் மாட்டுவார். யோசித்துச் செய்கிற வேலையா அது? கை தானாக இழுத்தது. கண்ணியைத் தூணில் போட்டுவிட்டார்.

அப்புறம்தான் உறைத்தது. படகிலிருந்து வீசும் கயிறு காய்ந்திருக்கும். இது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பாசி வாடை அடித்தது...

"மாமா!"

இப்போது குரல் வெகு தூரத்தில். வேறு ஏதோ கத்தினான். புரியவில்லை.

கயிறு விறைத்தது.

தூண் முனகியது.

"என்னடா? என்ன சொல்றே?"

கண்ணியை இரண்டு கைகளாலும் பற்றினார்.

கழற்றப் பார்த்தார். அசையவில்லை.

இன்ஜின் நின்றது...

பனி விலகியபோது தூணில் கயிறே இல்லை. கீழே வெறும் தண்ணீர். கிரேன் சத்தம் திரும்பியிருந்தது. மணி நாலேகால்.

படகு வரவில்லை.

மூன்றாம் நாள், அதில் பிழைத்த ஒரே ஆள் வீட்டுக்கு வந்தார். படகின் சமையல்காரர்.

"கரையே தெரியாத நடுக்கடல்மா. நாங்க எதையும் இழுத்துட்டு வரல. பின்னாடி சுருட்டி வெச்சிருந்த கயிறு தானா ஓடிச்சு. ஓடி, விறைச்சு நின்னுது. யாரோ எங்கேயோ மாட்டிவிட்ட மாதிரி... படகு அப்படியே கவுந்துடுச்சு. அப்போ நாலேகால் இருக்கும்."

கயிற்றுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என் தம்பி... கடைசியா ஏதாவது சொன்னானா?"

"கயிறைப் பிடிச்சுக்கிட்டுக் கத்திட்டே இருந்தான்மா. 'மாமா, கழட்டுங்க... மாமா, கழட்டுங்க'ன்னு."

மனைவி உடைந்து அழுதாள். கணவரின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பாத்தீங்களா... சாகும்போதுகூட உங்களைத்தான் நம்பியிருக்கான்."