கொடிரோஸும் ஸ்டெல்லா டீச்சரும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்பில் பால் வைத்திருந்தபோது போன் அடித்தது. ஸ்டெல்லா டீச்சரின் தம்பி. "டீச்சர், அக்கா எயுந்திரிக்கவே இல்ல," என்றார். பூசைக்கு நேரமாகிறதே என்று எழுப்பப் போயிருக்கிறார். டீச்சர் தூக்கத்திலேயே போய்விட்டார். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

அவரிடம் கணக்குப் படித்தவர்களும் எங்களோடு வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள். நீங்கள் அவரைப் பிரம்போடு பார்த்திருப்பீர்கள். நான் அரிவாளோடு பார்த்தேன். அதைச் சொல்கிறேன்.

என் கணவர் இறந்த பிறகு கோட்டைக்குப்பம் வீட்டில் நான் மட்டும்தான். சென்னைக்கு வந்துவிடச் சொல்லி மகள் நச்சரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பூட்டிக்கொண்டு போனதிலிருந்து, அவர்கள் அழகுக்கு வைத்த கொடிரோஸ் சுவரேறி என் தோட்டத்துக்குள் இறங்கியது. ரோஜா இல்லை, கொத்துக்கொத்தாக ரோஸ் நிறப் பூ பூக்கும் கிழங்குக் கொடி. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். முருங்கையை மூடியது, மாதுளையை மூடியது, கடைசியில் சமையலறை ஜன்னலையும் மூடிவிட்டது. பட்டப்பகலில் விளக்குப் போட்டுச் சமைத்தேன். இதோடு மல்லுக்கட்ட முடியாது, வீட்டை விற்றுவிட்டு மகளிடம் போகிறேன் என்று டீச்சரிடம் சொன்னேன். மறுநாள் காலை அரிவாளோடு வாசலில் நின்றார்.

"கொடிக்குப் பயந்து ஊரை வுட்டுப் போவாங்களா? இன்னா பேச்சு பேசுற நீ?"

வெட்டினோம். வெட்டிய இடத்திலெல்லாம் மறுபடி துளிர்த்தது. அப்போதுதான் டீச்சருக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் ஊர் ஏரி கடலோடு சேர்ந்த உப்பு ஏரி. "ஏரித் தண்ணிய ஊத்துவோம். உப்புல எது பொழைக்கும்?" தம்பியின் படகில் கிடந்த கேன்களில் தண்ணீர் மொண்டு, ஆட்டோவில் கொண்டுவந்து வேரில் ஊற்றினார். அடுத்த வாரம் கொடி தளதளவென்று நின்றது. கேனில் மீந்திருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அது கார்த்திகை மாதம். ஆற்று வெள்ளம் வந்து விழுந்து ஏரியில் உப்பே இல்லை. ஏரியை நம்பிப் பிழைக்கும் குடும்பத்தில் பிறந்தவர் அதை மறந்துபோயிருந்தார். "வெளிய சொல்லிடாத விஜயா, எங்க ஜனம் என்ன ஊர்ல சேக்காது," என்றார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கணவர் போன பிறகு அந்த வீட்டில் நான் சிரித்தது அன்றைக்குத்தான். இப்போது வெளியே சொல்லிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் டீச்சர்.

பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கிழங்கு தோண்டினோம். கொடியின் உயிர் அதில்தான் இருந்தது. சின்ன வயதில் அம்மாவோடு ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவியே இறால் பிடித்தவர் அவர். மண்ணைக் கிளறிவிட்டு, வேறெங்கோ பார்த்தபடி உள்ளே கைவிட்டுத் துழாவுவார். "கண்ணால தேடாத, கையால தேடு," என்பார். எடுத்த கிழங்கை மண்ணில் போட்டால் முளைத்துவிடும் என்று மொட்டை மாடியில் பழைய வலையை விரித்துக் காயப்போட்டோம். கருவாடு என்று நம்பி வந்த காக்கைகள் ஏமாந்து போயின.

ஜன்னலைத் திறக்க முடிந்த அன்று சமையலறையில் நின்று டீ குடித்தோம். டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். தம்பி வீட்டு மாடியறையில் இருந்தார். டம்ளரைக் கழுவி வைத்துக்கொண்டே, "நீ பூட்டா நான் யாராண்ட பேசுவேன், சொல்லு," என்றார். இத்தனை நாள் எதற்குத் தோண்டினார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. போகவில்லை டீச்சர் என்றேன். மகளிடமும் அன்றே சொல்லிவிட்டேன்.

அவருக்காக இருந்துவிட்டேன். அவர் போய்விட்டார். துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வருகிறது. அடக்கத்துக்கு வந்திருந்த மகள், "இனிமேலாவது வந்துடும்மா," என்றாள்.

நேற்று சுவரோரம் ஒரு துளிரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து தோண்டினேன். டீச்சரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒரு பழக்கம்: மண்ணில் கை வைத்தால் வாய் ஓயாமல் பேசுவது. அடக்கத்துக்கு யார் யார் வந்தார்கள், யார் அழுதார்கள், தம்பி எப்படி இருக்கிறார், எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே தோண்டினேன். கிழங்கு கையில் வந்தது. காட்டுவதற்காகத் திரும்பினேன்.