தென்னந்தோப்புக்குக் குளவி கொண்டு போறவ

கண்ணுக்குத் தெரியாத சரக்கை ஊர் ஊரா எடுத்துப் போய், வேணாம்னு சொல்றவங்ககிட்ட கெஞ்சிக் கொடுக்கறதுதான் என் பிழைப்பு. வீடு வீடா ஏறி இறங்கின அனுபவம் உள்ளவங்களுக்கு, கேட்டைத் திறக்காமலே உள்ளேருந்து வர்ற "வேணாம்மா" பழக்கமா இருக்கும்.

சரக்கு இதுதான். வெளிநாட்டிலேருந்து வந்த ஒரு வெள்ளை ஈ, நம்ம தென்னை ஓலையில உட்கார்ந்து சாறைக் குடிக்குது. அது விடற பிசுபிசுப்புல ஓலையெல்லாம் கரி பூசின மாதிரி ஆயிடுது. அந்த ஈயோட குஞ்சுக்குள்ளயே முட்டை வெச்சு அதை ஒழிக்கற குட்டிக் குளவி ஒண்ணு இருக்கு, எறும்பைவிடச் சின்னது. குளவி புகுந்த குஞ்சு கறுப்புப் பொட்டா மாறிடும். பொட்டு இருக்கற ஓலைத்துண்டை வெட்டி, டப்பாவில எடுத்துட்டுப் போய், அடுத்த தோப்பு ஓலையில ஸ்டேப்ளர் அடிச்சு விடணும். அப்புறம் மருந்து அடிக்கக் கூடாது. அடிச்சா ஈயோட குளவியும் காலி.

முட்டுக்காடு ரிசார்ட்

தென்னை மரத்தடியில நிக்கற கார் மேலெல்லாம் பிசுபிசுன்னு விழுதுன்னு மேனேஜர் கூப்பிட்டார். குளவின்னதும் மனுஷன் ரெண்டடி பின்னால போயிட்டார். கொட்டாது சார், கொட்டினாலும் உங்களுக்குத் தெரியாத அளவுதான்னேன். லென்ஸ் வெச்சுக் காட்டியும் முகம் தெளியல.

"கொட்டவும் கொட்டாது, கண்ணுலயும் தெரியாதுன்னா, கெஸ்ட்டுக்கு நான் எதைக் காட்டறது மேடம்?"

கடப்பாக்கம் பஸ்

வண்டியில நிக்கவே இடமில்ல. டப்பாவுல இன்னா கீதுன்னு கண்டக்டர் கேட்டார். உண்மையைச் சொன்னேன். அடுத்த நிமிஷம் என்னைச் சுத்தி மூணு சீட்டு காலி. ஜன்னலோரமா உட்கார்ந்து போனேன்.

இறங்கும்போது கண்டக்டர் சொன்னார்: "தெனமும் இத்த எட்த்துகினு வாக்கா, கூட்டத்தை நான் சமாளிக்கத் தேவையில்ல."

போகிக்கு முன்னாடி நாள்

கடப்பாக்கம் முருகேசன் அண்ணன் தோப்புதான் எனக்கு நாத்தங்கால் மாதிரி. அங்கே குளவி பெருகினாத்தான் மத்த ஊருக்குத் துண்டு வெட்ட முடியும். அவருக்கோ அந்தத் தோப்பை விட்டா வேற வழியில்ல. பொங்கலுக்குள்ள குருத்துல பச்சை தெரியலன்னா மருந்துதான்னு கறாரா சொல்லியிருந்தார்.

போகிக்கு முன்னாடி நாள் போனா, கீழ் மட்டையெல்லாம் வெட்டிக் குவிச்சு வெச்சிருக்கார், விடிஞ்சா கொளுத்த. "ஒங் குளவி வர்றதுக்குத் தோப்பை சுத்தம் பண்ணி வெச்சேன், பாத்தியா"ன்னு பெருமை வேற. கைக்கு எட்டற கீழ் மட்டையிலதானே நான் ஸ்டேப்ளர் அடிச்சேன்!

"அண்ணே, குளவி வரப்போறதில்ல. இந்தக் குவியலுக்குள்ளதான் இருக்கு"ன்னு லென்ஸை அவர் கையில திணிச்சேன். கறுப்புப் பொட்டைப் பார்த்தவர் நேரே போய் ஒரு மட்டையைப் பிடிச்சு இழுத்தார். பொட்டுலேருந்து வர்ற குளவி மேலே ஏறிக்கட்டும்னு, இருட்டறதுக்குள்ள குவியல் பூராவையும் மரத்துக்கு மரம் திருப்பிச் சாய்ச்சு வெச்சோம். என் கையெல்லாம் கரி. ஒரு மட்டையைக்கூட நான் விடல. மருந்து அடிக்காம சித்திரை வரைக்கும் பொறுத்துக்கறேன்னார் அண்ணன்.

வாசல்ல நின்னு பார்த்துட்டிருந்த அவர் சம்சாரம் கோமதியக்கா சொன்னாங்க: "போகிக்குக் கொளுத்த ஒண்ணுமில்லாத வூடு இந்த ஊர்லயே நம்ம வூடுதான்."

சித்திரை

பயந்துகிட்டேதான் போனேன். பழைய ஓலை கறுப்பாத்தான் இருந்துச்சு. ஆனா புதுசா விரிஞ்ச ஓலை அத்தனையும் பச்சை. கழுத்து வலிக்கற வரைக்கும் அண்ணாந்து பார்த்தேன், கண்ணு கலங்கிடுச்சு. வெட்கமென்ன, அழுதேன்.

அப்போ பக்கத்துத் தோப்பு ஏழுமலை, முதுகுல ஸ்பிரேயரோட வேலியோரம் வந்தார். காத்து இந்தப் பக்கம்தான் அடிச்சுது. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள முருகேசன் அண்ணன் குறுக்கே போய் நின்னுட்டார்.

"மச்சான், மருந்தைக் கீழ வை. எங்க ஆளுங்க உள்ள வேலை செஞ்சிகினு கீறாங்க."

என் சரக்கு இன்னிக்கும் கண்ணுக்குத் தெரியாததுதான். ஆனா அதுக்குக் காவல் நிக்கற ஆளு மட்டும் ரோட்டுலேருந்தே தெரியறார்.