அந்தோனியாருக்குச் சொன்ன ரகசியம்

அப்போது நான் மன்னாரில் ஒரு நண்டுக் கொம்பனியின் கந்தோரில் வேலை செய்தேன். வெளிநாட்டில் எங்கள் நண்டை வாங்குபவர்கள் யார், யாருக்கு என்ன விலை என்ற விபரமெல்லாம் ஓர் அலுமாரிக்குள் பூட்டியிருந்தது. அதன் திறப்பு என் கைப்பையில். அந்த விபரம் வெளியே போனால் வழக்கு என்று, சேரும்போதே ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வேறு வேலை தேடக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் தேடுவது தெரிந்தால் முதலாளி அன்றைக்கே நிறுத்திவிடுவார். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் என் சம்பளத்தில்தான் உலை கொதித்தது.

ஆகவே தலைமன்னாரில் புதிதாகத் தொடங்கிய இன்னொரு நண்டுக் கொம்பனி நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டபோது, அம்மாவுக்கு மட்டும் சொன்னேன்.

"ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ."

"எனக்கென்ன விசரே, சொல்லித் திரிய?" என்றார் அம்மா.

எங்கள் அந்தோனியார் கோயிலில் ஞாயிறு பூசைக்குக் கருத்துக் கொடுப்பது, அதாவது இன்னதுக்காக மன்றாட வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது, வழக்கம். யாராவது வீட்டுச் சங்கதி எழுதிக் கொடுத்தால் எங்கள் பங்குச் சுவாமி அதைத் 'தனிப்பட்ட கருத்து' என்று சுருக்கிவிடுவார். அந்த ஞாயிறு அவர் ஊரில் இல்லை. முருங்கனிலிருந்து வந்த இளம் சுவாமி எழுதியதை எழுதியபடியே வாசித்தார். அம்மாவின் பெயரைச் சொல்லி, அவருடைய மகளுக்குத் தலைமன்னார் நண்டுக் கொம்பனியில் வேலை கிடைக்க வேண்டுமென்று மன்றாடினார். சனம் முழுவதும் "கேட்டருளும்" என்றது. முன்வரிசையில், முதல் வாங்கில் என் முதலாளி இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். அம்மாவோடு அவ்வளவு கோபப்பட்டது அன்றுதான்.

"நான் ஆருக்குச் சொன்னனான்?" என்று அம்மாவும் விடவில்லை. "அந்தோனியாருக்குத்தானே சொன்னனான்."

திங்கட்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டு, இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டினார்.

"நேர்முகப் பரீட்சை எண்டைக்கு?"

"வியாழக்கிழமை, சேர்."

"லீவு எடுத்துக்கொண்டு போங்கோ. ஒப்பந்தத்தையும் ஒருக்கா வாசிச்சிட்டுப் போங்கோ."

அவர் கோபமாகச் சொன்னாரா, கேலியாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. பயமாக இருந்தது.

தலைமன்னாரில் என் படிப்பைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. நேரே விசயத்துக்கு வந்தார்கள்.

"உங்கட நண்டை வெளியில ஆர் வாங்கிறது? என்ன விலைக்கு?"

"அது சொல்லேலாது. ஒப்பந்தம் இருக்கு."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிரித்தார். "உங்கட ரகசியத்தைப் பூசையில வாசிச்சவையாம். உங்கட முதலாளியின்ட ரகசியத்தை மட்டும் ஏன் பொத்தி வைச்சிருக்கிறியள்?"

வேலை இல்லை என்று விளங்கிவிட்டது. எழுந்து வந்து பஸ் ஏறினேன். இருக்கிறதை விட்டுப் பறக்கிறதைப் பிடிக்கப் போனவளின் நிலைதான், ஆனால் இருக்கிறது இன்னும் இருக்கிறதா என்பதுதான் வழி முழுக்க என் யோசனை.

மன்னாரில் ஒரு செய்தி தீவைச் சுற்றிவர அதிக நேரம் எடுக்காது. அடுத்த நாள் நான் கந்தோருக்குள் நுழைய முன்னமே முதலாளிக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையாம். சந்தோசம்" என்றார். பிறகு கையை நீட்டினார். "அலுமாரித் திறப்பைத் தாங்கோ."

"நான்தான் ஒண்டும் சொல்லேல்லையே, சேர்."

"ஓம் பிள்ளை. வேலையில இருங்கோ. ஆனா போக நினைச்ச ஆள்தானே."

திறப்பைக் கொடுத்தேன். நண்டு நிறுக்கும் இடத்தில் வேலை தந்தார்கள், சம்பளம் குறையவில்லை.

வேலை போகவில்லை என்று அம்மா அடுத்த ஞாயிறு நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்தார். எங்கள் சுவாமி திரும்பி வந்திருந்தார். "ஒரு தனிப்பட்ட கருத்துக்காக" என்று வாசித்தார். முதல் வாங்கிலிருந்து முதலாளியின் "கேட்டருளும்" உரக்கக் கேட்டது.