கம்ப்யூட்டரில் ஆடிய கோடுகள்

மைக் செட் மாமா என்றால் எங்கள் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. கல்யாணமோ கூட்டமோ, மேடைக்குக் கீழே ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, முகத்தை ஆம்ப்ளிஃபையருக்கும் முதுகை ஊருக்கும் கொடுத்திருப்பார். என் அக்காவின் கணவர். வீட்டிலும் அதே முதுகுதான். ஒயரைச் சுற்றிக்கொண்டே சுவரைப் பார்த்துப் பேசுவார். "மூஞ்சியைக் காட்டிப் பேசுங்க" என்று அக்கா அதட்டுவாள். பெண்டாட்டிக்குத் தன் முகத்தின் மேல் அத்தனை ஆசை என்று அந்த மனுஷன் வெளியில் பீற்றிக்கொள்வார். கண்ணாடியே பார்க்காத ஆள்.

உண்மை என்னவென்றால் அக்காவுக்குக் காது போய்விட்டிருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நூல் மில்லில் வேலை. அந்த இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தின்றுவிட்டது. கடைசிச் சில வருஷம் சுத்தமாகக் கேட்கவில்லை. வாயசைவைப் பார்த்தே காலத்தை ஓட்டினாள். காது மிஷின் வாங்கலாம் வா என்று நான் கத்தாத நாளில்லை. வர மாட்டாள்.

"அவரு உசிரே சத்தத்துலதான் இருக்கு. எனக்குக் கேக்கலைன்னு தெரிஞ்சா வீட்ல பாட்டே போட மாட்டாருடி" என்றாள். என் தலையில் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் சத்தியம் சத்தியம்தானே.

அவர்கள் வீட்டு ஹாலில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. வேலைக்குக் கொண்டுபோகும் பாட்டெல்லாம் அதில்தான். பாட்டு ஓடும்போது திரை முழுக்க வண்ணக்கோடுகள் எழும்பி ஆடும்படி என்னை வைத்துக் கொடுக்கச் சொன்னவள் அக்காதான். அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள் என்பதால் இந்த மாதிரி எடுபிடி எல்லாம் என் தலையில்தான் விழும். சமையலறை வாசலில் கரண்டியும் கையுமாக நின்று அந்தக் கோடுகளையே பார்ப்பாள். கோடு உயர்ந்தால் பாதத்தைத் தட்டுவாள். "இந்த இடம் நல்லா இருக்கு" என்பாள். மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஆனால் கோடுகள் மட்டும் அவருக்குப் பிடிக்காது. பாட்டு கேட்பதற்கா பார்ப்பதற்கா என்று முணுமுணுப்பார்.

அக்காவுக்கு இதயம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கடைசி நாளன்று, மாமா குனிந்து அவள் காதோரம் வாயை வைத்து ஏதோ சொன்னார். வெகுநேரம் சொன்னார். அவள் மெல்லத் தலையாட்டினாள். அவர் நிமிர்ந்ததும் கட்டில் கால்மாட்டில் நின்ற என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். 'என்ன சொல்றாரு?' என்று கேட்கிறாள். எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? நானும் தலையைத்தான் ஆட்டினேன்.

அவள் போன பிறகு மாமா என்னைக் கூப்பிட்டனுப்பினார். பாட்டு போட்டால் அந்தக் கோடுகள் வந்துவிடுகின்றனவாம், பார்த்தால் அக்கா வாசலில் நிற்கிற மாதிரியே இருக்கிறதாம், எடுத்துவிடச் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார்.

"சொல்ல வேண்டியதை எல்லாம் அவ காதுல சொல்லிட்டேம்மா. கேட்டுத் தலையாட்டினா. அந்த ஒண்ணுதான் என்னை உக்கார வச்சிருக்கு."

கம்ப்யூட்டரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். எப்போதோ வைத்த அமைப்பு, எங்கே இருக்கிறதென்று எனக்கே மறந்துவிட்டது. ஒரு இடத்தில் டிக்கை எடுத்தேன்; பாட்டைப் போட்டால் மறுபடி வந்தது. முழுத்திரை வேண்டாம் என்று இன்னொரு இடத்தில் மாற்றினேன்; சின்னதாகி மூலையில் நின்று ஆடியது. மூடித் திறந்தேன், பழையபடி திரை முழுக்க வந்து நின்றது. சனியன், விடுவேனா என்கிறது. பக்கத்தில் அந்தப் பெரிய ஸ்பீக்கர் அலறியதில் மண்டை காய்ந்துவிட்டது. எரிச்சலில் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிப் போட்டேன்.

வீடு கப்சிப் என்று ஆனது. கோடுகள் ஆடிக்கொண்டிருந்தன.

டீ எடுத்துக்கொண்டு வந்த மாமா அங்கேயே நின்றுவிட்டார். ஒயரைப் பிடுங்கின பிறகும் ஆடுகிறதே என்றார். நான் வேலை மும்முரத்தில், அது வெளியே வரும் சத்தத்துக்கு ஆடவில்லை, உள்ளே ஓடும் பாட்டுக்கு ஆடுகிறது, ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும் ஆடும் என்று விளக்கம் வேறு சொன்னேன். திரும்பிப் பார்த்தேன். டம்ளரும் கையுமாகத் திரையையே பார்த்தபடி பழைய கதை ஒன்றைச் சொன்னார்.

ஒருநாள் வெளியில் ஸ்பீக்கர் பத்தவில்லையென்று வீட்டு ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு போனாராம். வேலை முடிந்து அதைத் தோளில் சுமந்து உள்ளே வந்தால், அக்கா திரை முன்னால் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தாளாம். சத்தம் ஜாஸ்தியா இருக்கா, குறைக்கவா என்று இவரைக் கேட்டாளாம்.

"கிண்டல் பண்றான்னு நினைச்சு சிரிச்சேன்" என்றார்.

அப்புறம் டம்ளரைக் கீழே வைத்தார். "அவளுக்குக் கேக்கலையாம்மா?"

சத்தியத்தை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்க முடியும்? ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வாயைப் பார்த்தே அக்கா எல்லாவற்றையும் புரிந்துகொள்வாள், ஒன்றையும் விடமாட்டாள் என்று அவசர அவசரமாகச் சமாதானம் சொன்னேன்.

"காதுல வாயை வச்சுச் சொன்னேனே. எப்படிம்மா பார்த்திருப்பா?"

நான் மறுபடி மவுஸைப் பிடித்தேன். அவர் விடவில்லை.

"நான் நிமிர்ந்ததும் உன்னைப் பார்த்தாளே. என்ன கேட்டா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "நீங்க என்ன சொன்னீங்கன்னு கேட்டா மாமா."

ஒயரை மாட்டப் போனேன்; வேண்டாம் என்று கையைக் காட்டினார். பிறகு அலமாரியில் இருந்த அக்கா படத்தை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தி, நாற்காலியை இழுத்து எதிரே போட்டு, முகத்தை நேராகக் காட்டி உட்கார்ந்தார். ஆயுசு முழுக்கச் சத்தத்தோடு வாழ்ந்த மனுஷன், குரலே எழுப்பாமல், உதட்டை மட்டும் நிதானமாக அசைத்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல ஆரம்பித்தார்.

நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அந்தக் கோடுகளை நான் இன்னும் எடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.