வேப்பமரத்தடி உதவிப் பயிற்றுநர்

என் உதவிப் பயிற்றுநர் என்னை விட்டுப் போய்விட்டார் என்பதைக் கீரிமலைக் கேணிக்குள் கழுத்தளவு தண்ணீரில் நின்றபடிதான் தெரிந்துகொண்டேன். மாரி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாடசாலைப் போட்டிகள் எதுவும் இல்லாத காலம், ஆறுதலாக நீந்தலாம் என்று போயிருந்தேன். கேணியின் மறுகரையில் இரண்டு தலைகள் ஒட்டி நின்று கதைத்துக்கொண்டிருந்தன. ஒன்று என் உதவிப் பயிற்றுநருடைய தலை. மற்றது, எங்கள் கல்லூரிக்கு அடுத்த வீதியில் இருக்கும் கல்லூரியின் தலைமைப் பயிற்றுநருடையது. மூன்று வருடமாக உதைபந்தாட்டத்தில் எங்களைத் தோற்கடித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான்.

என்னைக் கண்டதும் என் ஆளின் தலை தண்ணீருக்குள் போய்விட்டது. எவ்வளவு நேரம்தான் மூச்சை அடக்குவார்? நானும் நீந்திப் போய் அதே இடத்தில் காத்து நின்றேன்.

"நானே வீட்டை வந்து சொல்லுவம் எண்டுதான் இருந்தனான் சேர்," என்றார் மேலே வந்து, மூக்கால் தண்ணீர் ஒழுக.

"எப்ப? அவங்களோடை கப்பைத் தூக்கினாப் பிறகோ?"

அதற்கு மேல் சண்டை பிடிக்க வழியில்லை. சுற்றிலும் கோயிலுக்கு வந்த சனம், நானோ நனைந்த துவாயோடு நிற்கிறேன். "நல்லா இரும்" என்று சொல்லிவிட்டுக் கரையேறினேன். கரவெட்டியில் என் வீட்டுக்கு வந்து சேரும்வரை மோட்டார் சைக்கிளில் வாய்க்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

அவர் அவர்களிடம் போனது மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். என்னுடைய வண்டவாளம் எல்லாவற்றையும் கூடவே கொண்டு போய்விட்டார். நான் எந்த ஆட்டத்தையும் இடது பக்கத்தால்தான் தொடங்குவேன். ஒரு கோல் பின்னால் நின்றால் இன்னும் அதிகமாக இடது பக்கத்தையே பிடித்துத் தொங்குவேன். இது அவருக்குத் தெரியும்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருந்தது. போன முறை தோற்ற அன்றே அதிபர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "மாஸ்டர், அடுத்த முறையும் இப்பிடியெண்டால் என்னாலை ஒண்டும் செய்யேலாது." நான் அந்தக் கல்லூரியின் பழைய மாணவன் இல்லை, கரவெட்டியிலிருந்து வருகிற வடமராட்சியான். என்னைத் தள்ளப் பழைய மாணவர் சங்கத்துக்கு அதுவே போதும். தோற்றாலும் கணக்குப் படிப்பிக்கிற வேலை போகாது. பயிற்றுநர் பொறுப்பு மட்டும்தான் போகும். ஆனால் எனக்கு வேண்டியது அதுதான். காலையில் வகுப்பில் நான் ஒரு சாதாரண வாத்தி. பின்னேரம் மைதானத்தில் நிற்கும்போதுதான் எனக்கு உயிர் வரும்.

இந்தக் கதையில் இன்னொருவர் இருக்கிறார். எங்கள் மைதானத்தின் வடக்குக் கோலுக்குப் பின்னால் ஒரு கம்பி வேலி, வேலிக்கு வெளியே ஒரு வேப்பமரம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்த மரத்தடியில் அவர் வந்து நிற்பார். திருநெல்வேலிச் சந்தையில் வாழைக்குலை மொத்த வியாபாரம் செய்பவர், எங்கள் கல்லூரியின் பழைய மாணவர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். சந்தை இரைச்சலுக்கு மேலே விலை சொல்லிப் பழகிய தொண்டை அவருடையது. வாயைத் திறந்தால் வீதியில் போகிற பஸ்காரனும் திரும்பிப் பார்ப்பான்.

"மாஸ்டர், நித்திரையோ?" இதுதான் எப்போதும் தொடக்கம். பிறகு, "உந்தக் கணக்கை மூடி வைச்சிட்டு ஆட்டத்தைப் பாருமன்!" அதற்கும் பிறகு, "கரவெட்டியிலை பனங்கொட்டை உதைச்சுத் திரிஞ்ச ஆளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறாங்கள்!" சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். எங்கள் ஊரில் வேலிக்கரையில் நிற்கிறவன் எல்லோருமே பயிற்றுநர்தான், ஆனால் இவர் அவர்களுக்கெல்லாம் தலைவர். கத்துவதில் பாதி விசர்க்கதை. ஒருமுறை கோல் காப்பாளனை முன்னுக்கு அனுப்பச் சொன்னார். மற்றப் பாதி சரியாக இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"வேலிக்கரைச் சத்தத்தைக் காதிலை எடுக்காதேங்கோ சேர்," என்று என் பழைய உதவிப் பயிற்றுநர் அடிக்கடி சொல்லுவார். "நான் எடுக்கிறேல்லை. பொடியளுக்கும் அதைத்தான் பழக்கிறன்." உண்மையில் அவர் அதில் தேர்ந்துவிட்டார். அந்த மனிதர் தொண்டை கிழியக் கத்தினாலும் இவர் தலை அசையாது.

புதிய உதவிப் பயிற்றுநரைத் தெரிவு செய்யச் சங்கம் கூட்டம் வைத்தது. ஒருவர் தன் அக்காவின் மகனைப் போடச் சொன்னார். இன்னொருவர் கொழும்பில் பயிற்சி முடித்த ஒருவரைக் கூப்பிடலாம் என்றார், அவரை எங்கே தங்க வைப்பது என்று மூன்றாமவர் கேட்டார். தேத்தண்ணியும் வடையும் முடிந்துவிட்டன, முடிவு மட்டும் வரவில்லை. அப்போது கடைசி வரிசையிலிருந்து அந்தக் குரல் எழும்பியது.

"உதவிக்கு ஆரைப் போட்டும் என்ன? மாஸ்டர் இடது பக்கத்தை விட்டு அசைவாரே?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"அவ்வளவு தெரிஞ்சால் நீங்களே வந்து பழக்குங்கோவன்!"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அதிபர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். "அதுவும் நல்ல யோசினைதான். ஆருக்கும் மறுப்பிருக்கோ?" என்று கேட்டார். வேறொருவருடைய மருமகன் வருவதைவிட இது மேல் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்க வேண்டும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. கோபத்தில் நான் விட்ட ஒரு சொல் நியமனமாகிவிட்டது. வாழைக்குலைக்காரர் கடைசி வரிசையில் வாயைப் பிளந்தபடி நின்றார்.

பயிற்சி தொடங்கிய நாள் புது உடுப்பு, கழுத்தில் விசில், கையில் பொடியளுக்கு ஒரு சீப்புக் கதலிப்பழம் என்று வந்து சேர்ந்தார். பந்து பொறுக்கினார், தண்ணீர் கொடுத்தார். என்ன கேட்டாலும் "சேர் சொல்லுறது சரி" என்றார். முதல் கிழமை எனக்குச் சொர்க்கம்தான். இவ்வளவு காலமும் என்னைக் கிழித்த வாயை நானே மூடிவிட்டேன் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

பிறகு கரையோரக் கிராமக் கழகம் ஒன்றுடன் பயிற்சி ஆட்டம் வைத்தோம். மாற்று வீரர்கள் இருக்கும் வாங்குப் பலகையின் நுனியில், கைகளை முழங்காலுக்கிடையில் செருகிக்கொண்டு அவர் குந்தியிருந்தார். தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு சொல் இல்லை. பொடியள் தூங்கி வழிந்தார்கள், நன்றாக வாங்கிக் கட்டினோம். அணித் தலைவன் வந்து, "சேர், வேப்பமரத்தடியிலை சத்தம் இல்லாதது ஒரு மாதிரிக் கிடக்கு," என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மறுநாள் சந்தைக்கே போனேன். குலைகளுக்கு நடுவே அவர் பழைய ஆளாகக் கத்தி விலை பேசிக்கொண்டிருந்தார்.

"இஞ்சை இந்தக் கத்துக் கத்துறியள். அங்கை ஏன் வாயைத் திறக்கிறியள் இல்லை?"

ஒரு சாக்கை விரித்து என்னை இருக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் குலைக் காம்பைச் சுரண்டிக்கொண்டு நின்றார்.

"என்ரை கடைசி வருஷம், உந்த அடுத்த வீதிக் கல்லூரியோடைதான் ஆட்டம். சப்பாத்து லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாங்கிலை இருந்தனான். எங்கடை அம்மா, பந்து எண்டால் என்னெண்டே தெரியாத மனிசி, வந்து பாத்துக்கொண்டு நிண்டவ. இப்ப இறக்குவினம், இப்ப இறக்குவினம் எண்டு இருக்க, விசில் ஊதி முடிச்சுப் போட்டாங்கள். நாங்கள் வெண்டனாங்கள்தான். எல்லாரும் உள்ளை ஓடினாங்கள். நான் வீட்டை போட்டன்."

ஒரு குலையைத் தூக்கி மற்றக் குலைக்கு மேலே வைத்தார்.

"அந்த வாங்கிலை குந்தினால் இப்பவும் தொண்டை அடைக்குது மாஸ்டர். வேலிக்கு வெளியிலை நிண்டால் என்னை ஆர் இருத்திறது? நீங்கள் வேறை ஆளைப் பாருங்கோ."

"ஆட்டத்தண்டைக்கு வாங்கோ. பிறகு பாப்பம்," என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் மேல் எனக்கிருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அடுத்த வீதிக் கல்லூரியோடான ஆட்டம் எங்கள் மைதானத்தில் நடந்தது. தெற்கிலிருந்து வரும் சோளகக் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. முதல் பாதி நான் பயந்தபடியே போனது. எங்கள் இடது பக்கத்துப் பொடியன் பந்தைத் தொட்டால் போதும், இரண்டு பேர் அவன் மேல் விழுந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் என் பழைய உதவிப் பயிற்றுநர் கையைக் கட்டிக்கொண்டு, எனக்குத் தெரியும் என்கிற மாதிரி நின்றார். ஒரு கோல் வாங்கினோம். சங்கத் தலைவர் என்னைப் பார்த்துவிட்டு அதிபரின் காதில் ஏதோ சொன்னார். என் பின்னேரங்கள் கையை விட்டுப் போவது என் கண்ணுக்கு நேரே தெரிந்தது.

இடைவேளையில் பொடியளுக்கு என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. வாங்கின் நுனிக்குப் போனேன்.

"எழும்புங்கோ. உங்கடை இடத்துக்குப் போங்கோ."

"அப்ப உதவிப் பயிற்றுநர் ஆர்?"

"நீங்கள்தான். அங்கை நிண்டு உதவுங்கோ."

அவர் என்னைச் சற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து விறுவிறென்று நடந்து, வேலிக்கு வெளியே போய், புது மேற்சட்டையைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டார். இரண்டாம் பாதியில் நாங்கள் அந்த வடக்குக் கோலை நோக்கித்தான் ஆட வேண்டும். ஆட்டம் தொடங்கியது. வேப்பமரத்தடியில் இன்னும் சத்தமில்லை.

"மாஸ்டர்! நித்திரையோ?"

என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு இனிமையாகத் திட்டியதில்லை. மைதானத்தில் நின்ற என் பொடியள் சிரித்தார்கள், தலைவன் உள்ளங்கைகளைத் தட்டிக்கொண்டு ஓடினான்.

"இடது பக்கத்தைக் கட்டிக்கொண்டு அழாதையும்! வலப்பக்கம் வெளிச்சுப்போய்க் கிடக்குது! மாடு மேய விடலாம்!"

என் வாங்கிலிருந்து பார்த்தால் ஆள்களின் முதுகுதான் தெரியும். அவர் நின்ற இடத்திலிருந்து எல்லாம் விரிந்து தெரிந்திருக்கிறது. இரண்டு பேர் எங்கள் இடப்பக்கத்தைக் காவல் காக்க, மற்றப் பக்கத்தில் ஆளே இல்லை. அவர் சொன்னது மைதானம் முழுக்கக் கேட்டது, எதிரணியின் வாங்குக்கும் கேட்டது. ஆனால் என் பழைய ஆள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலிக்கரைச் சத்தத்தைக் காதில் எடுக்காமல் இருப்பதில் அவர் தேர்ந்தவர் அல்லவா!

"வலது பக்கம் மாத்துங்கோடா!" என்று நான் கத்தினேன். அடுத்த பந்து வலப்பக்கம் போனது, அதற்கடுத்ததும் போனது. மூன்றாவது பந்தில் கோல் அடித்தோம். களைத்தவர்களை எடுத்துவிட்டுப் புது ஆட்களை அதே பக்கத்தில் இறக்கினேன். வலப்பக்கத்திலிருந்து உயர்ந்து வந்த ஒரு பந்தைத் தலைவன் தலையால் முட்டி உள்ளே தள்ளினான். இரண்டுக்கு ஒன்று. நான் துள்ளிய துள்ளலில் என் மூக்குக்கண்ணாடி புல்லில் விழுந்தது.

கடைசி நிமிடங்கள். அவர்கள் எங்கள் கோலை முற்றுகையிட்டு நின்றார்கள். அப்போது மறுபடியும் அந்தக் குரல்.

"வாங்கிலை இருக்கிறவனை இறக்கும்!"

வாங்கில் ஒருவன்தான் மீதம் இருந்தான். கல்லூரியில் கடைசி வருடம், கால் கொஞ்சம் மெதுவானவன். லேஸை இறுக்கிக் கட்டியிருந்தான். "உந்த நேரத்திலை ஆளை மாத்தாதேங்கோ மாஸ்டர், விசரே!" என்று சங்கத் தலைவர் பின்னாலிருந்து கத்தினார். ஆட்டக் கணக்குப்படி அவர் சொன்னதுதான் சரி. வேப்பமரத்தடியிலிருந்து வந்தது ஆட்டக் கணக்கு இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். ஒரு கோல் விழுந்தால் என் கதை முடிந்தது.

"எழும்படா," என்றேன். "போ!"

அவன் உள்ளே போய் ஒரேயொரு தடவைதான் பந்தைத் தொட்டான். எங்கள் கோலடியில் சிதறி வந்த பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி உதைத்தான். அது மேலே எழும்பியது, சோளகம் அதை வாங்கிக்கொண்டு போனது, நடுவில் ஒரு தரம் குத்தித் துள்ளி, வடக்குக் கோலையும் வேலியையும் தாண்டியது. வேப்பமரத்தடியில் நின்றவர் அதை ஒரு வாழைக்குலையைப் போல நெஞ்சோடு ஏந்திப் பிடித்தார். அவர்களுடைய கோல் காப்பாளன் வேலிக்கு ஓடி, பந்தைத் தா, தா என்று கெஞ்சினான். இவர் கொடுக்கவில்லை. நடுவர் விசிலை ஊதிவிட்டார்.

சனம் உள்ளே பாய்ந்தது. அதிபர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், விடவே இல்லை. சங்கத் தலைவர் தான் முதலிலிருந்தே என் பக்கம்தான் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் வாழைக்குலைக்காரர் இன்னும் வேலிக்கு வெளியிலேயே நிற்கிறார், பந்தும் கையுமாக.

ஓடிப்போய் வேலிப் படலையைத் திறந்து பிடித்தேன்.

"உள்ளை வாங்கோ."

"ஆட்டம் முடிஞ்சுது தானே."

"முடியட்டும். வாங்கோ."

வந்தார். மைதானத்தின் எல்லைக் கோட்டடியில் ஒரு கணம் நின்று காலைப் பார்த்தார், பிறகு தாண்டினார். கடைசியாக இறங்கிய பொடியன் எதிரே ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தான். இருவரும் நடுவட்டம் வரை நடந்து போனார்கள். அங்கே பந்தைக் கீழே வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, சந்தைக் குரலில் கத்தினார்:

"மாஸ்டர்! இவனைப் பத்து நிமிஷம் முந்தியே இறக்கியிருக்கவேணும்!"

"ஓம் அண்ணை!" என்று நானும் கத்தினேன். எனக்கு அவ்வளவு சத்தமாகக் கத்த வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.