எடுக்காமல் விட்ட எக்ஸ்ரே

என் மனைவி டாக்டர். அதே ஆஸ்பத்திரியில் நான் எக்ஸ்ரே எடுக்கிறவன். வீட்டில் அவளை வாடி போடி என்றுகூடக் கூப்பிடுவேன்; ஆஸ்பத்திரி வாசலை மிதித்துவிட்டால் 'டாக்டர்'தான். அவள் அங்கே என்னைக் கூப்பிடுவதே இல்லை, ஆள் அனுப்புவாள்.

ரொம்ப வருஷமாக அவள் பார்த்ததெல்லாம் காய்ச்சல், சளி, சர்க்கரை. அவசரப் பிரிவு டாக்டர் வேலையை விட்டுப் போனதும் நிர்வாகி அவளைக் கூப்பிட்டு, "ஆள் கிடைக்கிற வரைக்கும் நீங்க பார்த்துக்குங்க மேடம்" என்றார். ஆள் கிடைக்கவே இல்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "தெரியாம ஏதாவது செஞ்சு ஒரு உயிர் போயிட்டா?" என்று கேட்டாள். நான் ஏதோ சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது அவள் காதில் ஏறவில்லை.

அப்போதுதான் அந்த வீடியோக்களைக் கண்டுபிடித்தாள். எங்கேயோ ஒரு நாட்டில் தாடி வைத்த டாக்டர் ஒருவர் வெள்ளைப் பலகை முன்னால் நின்று அவசர சிகிச்சைப் பாடம் நடத்துகிறார். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். போனை உப்பு டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்குவாள். துணி மடிக்கும்போது தாடிக்காரர், தலை வாரும்போது தாடிக்காரர். விஷக்கடி, மாரடைப்பு, தீக்காயம் என்று எங்கள் சமையலறையில் கேட்காத பேச்சில்லை.

"கட்டின புருஷன் கத்தினாலும் காதுல விழாது. அந்தத் தாடிக்காரன் இருமினாக்கூட நிறுத்தி நிறுத்திக் கேக்குற" என்பேன்.

"நீங்களும் நாலு உயிரைக் காப்பாத்துங்க, உங்களையும் நிறுத்திக் கேக்குறேன்" என்பாள்.

வீடியோ பார்த்து வைத்தியமா என்று எனக்கு இளக்காரம்தான். "நீச்சலையும் இப்படியே கத்துக்க, தண்ணி பக்கமே போக வேணாம்" என்று ஒரு நாள் சீண்டினேன். அவள் என் சட்டையைக் கழற்றச் சொல்லிக் கட்டிலில் படுக்கவைத்தாள். கழுத்தடியில் இருக்கும் காறை எலும்புக்குக் கீழே விரல் வைத்து விலா எலும்புகளை எண்ணத் தொடங்கினாள். முதல் எலும்பு, இரண்டாவது, அதற்கடுத்த இடுக்கு. எனக்குக் கூச்சத்தில் உடம்பு நெளிந்தது.

"ஆடாதீங்க. பேஷண்ட் இப்படி ஆட மாட்டார்."

"ஏன், அவருக்குக் கூச்சம் இருக்காதா?"

"அவருக்கு மூச்சே இருக்காதுங்க" என்றாள். அதற்கப்புறம் தினமும் அடம்பிடிக்காமல் படுத்தேன்.

ஒரு மத்தியானம் பெயிண்டர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாரம் சரிந்து விழுந்திருந்தார். தலைமுடியெல்லாம் நீல பெயிண்ட், முகம் சாம்பல் நிறம். படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தார். கழுத்து நரம்புகள் புடைத்து நின்றன. பிரஷர் இறங்கிக்கொண்டே போகிறது என்று நர்ஸ் சொன்னாள். வாசலில் அவருடைய மனைவி ஒற்றைச் செருப்போடு நின்று அலறிக்கொண்டிருந்தாள்.

நெஞ்சில் அடி என்றால் முதலில் எக்ஸ்ரே. அதுதான் எங்கள் வழக்கம். நான் சக்கர மெஷினைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அவர் முதுகுக்குப் பின்னால் பிளேட்டை வைத்தேன். வாய் பழக்கதோஷத்தில், "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்று சொல்லித் தொலைத்தேன். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவே மாட்டேன்.

என் மனைவி அவருடைய நெஞ்சின் இரண்டு பக்கமும் மாறி மாறி ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். விரலால் தட்டிப் பார்த்தாள்.

"படம் வேண்டாம்" என்றாள்.

"ரெண்டே நிமிஷம் டாக்டர்."

"அவர்கிட்ட அந்த ரெண்டு நிமிஷம் இல்ல. நுரையீரல்ல ஓட்டை. காத்து வெளிய போக வழியில்லாம உள்ளயே அடைச்சு இதயத்தை நசுக்குது. உடனே திறந்துவிடணும். மெஷினைத் தள்ளுங்க."

திறப்பது என்றால் ஊசியை நெஞ்சுக்குள் இறக்குவது. கணிப்பு தப்பினால் நல்ல நுரையீரலையே அவள் குத்திக் கிழித்துவிடலாம். படம் இருந்தால் தெரிந்துவிடும். இல்லாவிட்டால் அவளுடைய காதும் விரலும்தான் சாட்சி. "பார்க்காமலே குத்தப் போறியா?" என்றேன். ஆஸ்பத்திரியில் அவளை நான் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

அவளுக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. தாடிக்காரர் வாய்க்குள் நின்று சொல்லிக்கொடுக்கிறார் என்று புரிந்தது. காறை எலும்புக்குக் கீழே விரல் வைத்து எண்ணினாள். ஊசியை இறக்கினாள்.

ஒரு சத்தம் வந்தது. சைக்கிள் டியூபில் வால்வைத் தளர்த்தினால் வருமே, அவ்வளவுதான். அந்த மனிதரின் தோள்கள் மெல்ல இறங்கின. ஒரு மூச்சு இழுத்தார். இன்னொன்று. சாம்பல் நிறம் போய் முகத்தில் ரத்தம் ஏறியதை நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். எத்தனையோ நெஞ்சுகளைப் படம் எடுத்தவன் நான். காற்று என்றால் எனக்கு பிலிமில் தெரியும் கறுப்பு. அது ஒரு மனிதனை விட்டு வெளியேறி அவன் பிழைத்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

பிறகு சர்ஜன் வந்து நெஞ்சில் குழாய் வைத்தார். அதற்கப்புறம்தான் என்னைப் படம் எடுக்கச் சொன்னார்கள். நுரையீரல் நன்றாக விரிந்திருந்தது. அதைக் காட்டலாம் என்று போனால் அவள் கை கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின கையையே திரும்பத் திரும்பக் கழுவினாள், தண்ணீர்க் குழாயை மூடவே இல்லை. நான்தான் மூடினேன். இவளை எனக்கு முழுக்கத் தெரியும் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

சாயங்காலம் பெயிண்டரின் மனைவி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதெல்லாம் யார்கிட்டம்மா படிச்சீங்க?"

"ஒரு வாத்தியார்கிட்ட. நான் அவரை நேர்ல பார்த்ததில்லம்மா."

"அப்ப அவர்கிட்ட சொல்லிடுங்கம்மா, இவர் எழுந்து உக்காந்துட்டார்னு. தண்ணி கேட்டார்னு சொல்லுங்க."

"சொல்றேன்மா" என்றவள், அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தாள். நெஞ்சில் அடைத்த காற்றை ஊசியால் வெளியேற்றும் அந்தப் பாடத்தைத் திறந்தாள். அதன் அடியில் அவருக்குத் தெரிந்த மொழியில் எழுதினாள். எட்டிப் பார்த்தேன். ஊசி இல்லை, விலா எலும்பு இல்லை, அவள் பெயர்கூட இல்லை. 'அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேட்டார்.' அவ்வளவுதான்.

"தலையும் இல்ல வாலும் இல்ல, அவருக்கு என்ன புரியும்?" என்றேன்.

"அவர் டாக்டருங்க" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "புரியும்."